கரண்டித் தண்ணீர்

திங்கட்கிழமை ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. செவ்வாய்க்கிழமை நான்கு. புதன்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாமாக ஒன்பது. தேயிலைத் தோட்டத்து மூன்றாம் டிவிஷன் ஆயாக்கொட்டகையில் மொத்தமே பதினேழு பிள்ளைகள்தான். மீதி எட்டும் எப்போது கக்கப்போகிறதோ என்று அம்சவல்லி ஒவ்வொன்றின் வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் விடிந்தும் விடியாமலும் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் கையில் போட்டுவிட்டு மலை ஏறுவார்கள். சாயங்காலம் கூடையை எடை போட்டுவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நடுவில் பால் புகட்டுவது, கழுவிவிடுவது, தூங்கப்போடுவது எல்லாம் அம்சவல்லி பாடு. பன்னிரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனால் அந்த டிவிஷனில் இன்றைக்கு டவுசர் போட்டுக்கொண்டு திரிகிற பயல்களில் பாதிப் பேர் அவள் மடியில் மூத்திரம் பெய்து வளர்ந்தவர்கள். அதை நாலு பேர் முன்னால் சொல்லியே அவர்களை அடக்குவாள்.

எண்பத்தொன்றாம் வருஷம், டிசம்பர் மாதம். மழை விட்டபாடில்லை. அலசிப் போட்ட துணி காயாமல் கொட்டகை முழுக்கப் புளித்த வாடை. முதலில் வாந்தி, கூடவே காய்ச்சல், மறுநாள் தண்ணீர் தண்ணீராகப் பேதி. எல்லாப் பிள்ளைக்கும் எழுதி வைத்த மாதிரி அதே வரிசை. அம்சவல்லி பாட்டிலை வெந்நீரில் போட்டாள், தரையை டெட்டால் ஊற்றித் தேய்த்தாள், கைக்குச் சோப்புப் போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிற்று. என்ன செய்து என்ன? ஒன்றைக் கழுவித் துடைத்துப் படுக்கவைத்தால் பக்கத்தில் இன்னொன்று கக்கியது.

ஊர் வாயை யார் மூடுவது? பல் முளைக்கிறது என்றாள் ஒருத்தி. மாந்தம் என்றாள் இன்னொருத்தி. ஆயா கை சுத்தமில்லை, ஒரே துணியால் எல்லாப் பிள்ளைக்கும் துடைக்கிறாள் என்று ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் சொன்னது அம்சவல்லி காதுக்கே வந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டுவிட்டுத்தான் திரும்பினாள். ஆனால் திரும்பி வந்து தன் கையை முகர்ந்து பார்த்தாள். யாருக்குத் தெரியும், என் கையாலேயே இருக்குமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது.

தோட்டத்து டிரஸர் அமிர்தலிங்கம் வந்து பார்த்தார். ஆளுக்கொரு பாட்டில் வெள்ளை மருந்து கொடுத்தார். பாலை நிறுத்துங்கள், வயிற்றைக் காயப்போடுங்கள் என்றார். அது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான். உள்ளே போனால்தானே வெளியே வரும்? தாய்மார்கள் பிள்ளையைக் காயப்போட்டார்கள். மற்ற பிள்ளைகள் எப்படியோ தள்ளாடித் தள்ளாடித் தேறின. தேறாமல் போனது பாஞ்சாலையின் பிள்ளை.

பாஞ்சாலைக்கு இருபத்திரண்டு வயது. மேல் லயத்து வரிசை வீட்டு இருளப்பன் பெண்சாதி. வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள். மாமியார் பேரையே பெண்ணுக்கு வைத்திருந்தாள், ரஞ்சிதம் என்று. பத்து மாதப் பிள்ளைக்குப் பாட்டிமார் பேர், எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். வயிற்றில் அடுத்தது நாலு மாதம் என்பதால் பாஞ்சாலைக்குப் பால் வற்றிப்போய், பிள்ளை புட்டிப் பாலுக்கு மாறியிருந்தது. டிரஸர் சொன்னபடி அதையும் நிறுத்தியாயிற்று.

வியாழக்கிழமை காலை பாஞ்சாலை பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தபோது அம்சவல்லிக்குத் திக்கென்றது. கண் உள்ளே போயிருந்தது. உச்சிக்குழி பள்ளமாக அமுங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளினபடியே நின்றது. பிள்ளை அழுதது, கண்ணீர் வரவில்லை.

"கொழுந்தும் வேணாம் மண்ணும் வேணாம், கூடையை எறிஞ்சிட்டு வா" என்றாள் அம்சவல்லி.

டிரஸரும் பார்த்த மாத்திரத்தில் டவுன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிட்டார். இருளப்பன் அன்று கீழ் டிவிஷனில் மருந்தடிக்கப் போயிருந்தான், அவனுக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் பேச்செல்லாம் மலாய், பாஞ்சாலைக்கு அது தெரியாது, லயத்தை விட்டு வெளியே போனதே கைவிட்டு எண்ணுகிற தடவைதான். அம்சவல்லியின் அப்பா தானா ராத்தா டவுனில் ஓர் அரசாங்கப் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். மலாய்க்காரப் பிள்ளைகளோடு ஓடி ஆடி வளர்ந்ததில் அந்தப் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் கொட்டகையை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு, தேயிலை லோரியின் முன் சீட்டில் அவளும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டுக்குள் நுழைந்ததும் அம்சவல்லி அப்படியே நின்றுவிட்டாள். கட்டில் பூராவும் பிள்ளைகள். கட்டில் போதாமல் ஒரு கட்டிலில் இரண்டு. கோலா தெர்லாவில் காய்கறி போடுகிற சீனரின் பிள்ளை, போலீஸ்காரரின் மலாய்ப் பிள்ளை, சாப்பாட்டுக் கடை உமர் பாயின் பேரன், காட்டு ஓரத்துப் பூர்வகுடி அஸ்லிக்காரர்களின் பிள்ளை ஒன்று. எல்லாவற்றுக்கும் அதே வாந்தி, அதே பேதி, அதே குழிந்த கண். அவள் கொட்டகையைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள். அப்படியானால் இது என் கையால் வந்ததில்லை. அம்சவல்லி கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அத்தனை பிள்ளைகள் கிடக்கிற இடத்தில் தனக்கு நிம்மதியாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

டாக்டரம்மா மலாய்க்காரி, சின்ன வயசு, கண்ணாடி போட்டவள். மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. ரஞ்சிதத்தின் கையில் நரம்பு தேடினாள், காலில் தேடினாள், கடைசியில் தலைமுடியைக் கொஞ்சம் சிரைத்துவிட்டு நெற்றிக்கு மேலே ஊசியை ஏற்றினாள். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. மருந்து ஏறுதா அக்கா என்று பாஞ்சாலை கேட்டாள். ஏறுது என்றாள் அம்சவல்லி. பிறகு ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்து பிள்ளையின் மலத்தைக் குச்சியால் எடுத்துச் சின்னச் சீசாவில் போட்டு, பேர் எழுதி ஒட்டிக்கொண்டு போனாள். வார்டில் இருக்கிற அத்தனை பிள்ளைக்கும் அப்படி எடுத்துக் கீழே பெரிய ஊருக்கு அனுப்புகிறார்களாம்.

அதை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று அம்சவல்லி டாக்டரம்மாவைக் கேட்டாள். கேட்கிற ஆள் கிடைத்ததில் டாக்டரம்மாவுக்கே சந்தோஷம் போலிருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தில் சின்ன வட்டம் போட்டு, சுற்றிலும் பல் பல்லாகக் கோடு இழுத்துக் காட்டினாள். வைரஸ். பேர் ரோட்டா. பெரிய பெரிய மிஷினில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், சைக்கிள் ரோடா, அதுதான் சக்கரம், அது மாதிரி இருக்கும். இந்த வாந்தி பேதியில் பாதிக்கு மேல் இதனால்தான் என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அசுத்தமான வீடு, சுத்தமான வீடு என்று பார்க்காது, எந்தப் பிள்ளையையும் பிடிக்கும். அம்சவல்லி அந்தக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். குழாயடிக்காரியின் மூஞ்சியில் விட்டெறிய வேண்டாமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளை கண் திறந்தது. சனிக்கிழமை காலையில் மூத்திரம் போயிற்று. பேதி நிற்கவில்லை, ஆனாலும் உச்சிக்குழி மேலே வந்திருந்தது. டாக்டரம்மா தடவிப் பார்த்துச் சிரித்தாள். குழாயைக் கழற்றச் சொன்னாள். வாசலில் இன்னும் மூன்று பிள்ளைகள் காத்திருந்தன, பாட்டில் அவர்களுக்கு வேண்டும். பிறகு அம்சவல்லியைப் பார்த்து மளமளவென்று சொன்னாள்.

இந்த வைரஸுக்கு மருந்து என்று ஒன்று கிடையாது. மருந்து தேவையும் இல்லை. இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். அதுவரைக்கும் உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஆபத்து தாண்டியாயிற்று, இனிமேல் ஊசி வேண்டாம். இந்தப் பொட்டலத்தில் உப்பும் சர்க்கரையும் இருக்கிறது, ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, நிமிஷத்துக்கு ஒரு கரண்டி வாயில் கொடுக்க வேண்டும். கக்கினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுக்க வேண்டும். நிறுத்தவே கூடாது. இதை அம்மாவுக்கு நன்றாகச் சொல்லு.

அம்சவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இரண்டு ராத்திரி சிமெண்டுத் தரையில் கண்ணை மூடாமல் கிடந்தவள். கொட்டகையில் புதிதாக இன்னும் நாலு பிள்ளைக்கு முடியவில்லை, உடனே வந்து சேர் என்று தோட்ட ஆபீஸ் கிராணி ஆள் அனுப்பியிருந்தார். வெளியே லோரிக்காரர் ஆண்டியப்பன் இரண்டாம் தடவையாக ஹாரன் அடித்தார். 'ஊபாட்' என்றால் மருந்து, 'தா அடா' என்றால் இல்லை. இதில் மொழிபெயர்க்க என்ன கிடக்கிறது?

"மருந்து இல்லையாம் பாஞ்சாலை. குழாய் இனிமே வேணாமாம். இந்தத் தண்ணிய கரண்டியில கொஞ்சம் கொஞ்சமா வாயில விடச் சொல்றாங்க. அவ்வளவுதானாம்."

மிஸ்ஸி கொண்டுவந்து வைத்த டம்ளரைப் பாஞ்சாலை பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"நானேவா விடணும்?"

"பின்ன? பெத்தவ நீ இருக்கறப்ப வேற யாரு விடுவா? நாளைக்கு வரேன் புள்ள. நிறுத்தாம விடு."

தலையைத் தடவிவிட்டு அம்சவல்லி ஓடினாள். ஆண்டியப்பன் கத்திக்கொண்டிருந்தார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆபத்து தாண்டிவிட்டது, தானாகச் சரியாகிவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. குழாயைக் கழற்றியதே அதற்குத்தானே, அதை வேறு வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா என்று அவள் நினைத்ததுகூட இல்லை. அது அவளுக்குத் தெரிந்த விஷயம், அதனால் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிளாஸ்கில் காப்பி ஊற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி பஸ்ஸுக்காக அம்சவல்லி தன் லயத்து வாசலை விட்டு இறங்கினாள். மேல் லயத்துக்குப் போகிற படியில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் தலை வாரவில்லை. காளிமுத்துக் கங்காணி வீட்டு அம்மாள் கையில் ஒரு செம்பு, அதன் மேல் கரண்டி. யாருக்கு என்ன என்று அம்சவல்லி கேட்டாள். இருளப்பன் பிள்ளையை நேற்றுச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்களாம். மருந்தை நிறுத்திவிட்டு, வாயில் தண்ணீர் விடச் சொல்லிவிட்டார்களாம். பால் ஊற்றப் போகிறோம் என்றாள் அந்த அம்மாள்.

சாகக் கிடக்கிறவர் வாயில் உறவுமுறை எல்லாம் ஆளுக்கொரு கரண்டி பாலோ தண்ணீரோ விட்டு அனுப்பிவைப்பது வழக்கம். போன வருஷம் பாஞ்சாலையின் மாமனார் அப்படிக் கிடந்தபோது டிரஸர் வந்து நாடி பார்த்துவிட்டு, இனி மருந்து இல்லை, வாயில் தண்ணீர் விடுங்கள் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கூட்டத்தில் அம்சவல்லியும் நின்றாள். மருமகள் முதலில் விடட்டும் என்று பாஞ்சாலை கையில் கரண்டியை எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

ஃபிளாஸ்க் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. படியில் விழுந்து எழுந்து ஓடினாள். நான் என்ன சொன்னேன், நான் என்ன சொன்னேன் என்று வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு ஓடினாள்.

அறைக்குள் கூட்டம். நடுவில் பாய் மேல் பிள்ளை. இருளப்பன் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நேற்றுப் பார்க்கப் போன இடத்தில் பாஞ்சாலை சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் உயிர் போனால் உடம்பை வாங்க எத்தனை காகிதமோ, எத்தனை சூசாவோ, தொல்லையோ என்று பயந்துபோய், பார்வையாளர் நேரம் முடிந்து எல்லாரும் கலைகிற கூட்டத்தோடு பிள்ளையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். வீட்டிலே, சொந்தக்காரர் மத்தியிலே போகட்டும் என்று நினைத்திருக்கிறான். அவனை என்ன சொல்ல? அவன் நல்லதைத்தான் செய்தான்.

பிள்ளையின் கண் மறுபடி குழிக்குள் போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஒருத்தி குனிந்து ஒரு கரண்டி பால் விட்டாள். பிள்ளை அதை விழுங்கியது. விழுங்கிவிட்டு நாக்கை நீட்டியது. அடுத்தவள் விட்டாள். அதையும் விழுங்கிவிட்டு, கரண்டி போன திசையில் தலையைத் திருப்பி இன்னும் கொஞ்சம் நாக்கை நீட்டியது. ஐயோ, பாசம் விடலையே இந்தப் பிள்ளைக்கு என்று பெண்கள் வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

அது தாகம். அம்சவல்லிக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. அது தாகம், வேறு ஒன்றும் இல்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் செம்பை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு, ஆறின வெந்நீரில் ஒரு கரண்டி விட்டாள், இன்னொன்று, இன்னொன்று. ஒரு தடவைதான் விடணும் ஆயா என்றார் கங்காணி மெதுவாக. அவள் கேட்கவில்லை. நாலாவது கரண்டியில் பிள்ளை முழுவதையும் கக்கியது.

"தண்ணி குடுத்தா எந்திரிச்சிரும். தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்றாள் அம்சவல்லி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

குடுத்தாச்சி ஆயா, எல்லாரும் குடுத்தாச்சி என்று யாரோ அவள் தோளைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். தண்ணீருக்கு வேறு ஒரு பேர் இல்லையே, என்ன செய்வாள்? எந்தப் பக்கம் திருப்பிச் சொன்னாலும் அந்தக் காதுகளில் அது ஒரே மாதிரிதான் விழுந்தது. கடைசியில் இருளப்பன் சட்டையைப் பிடித்து உலுக்கி, உசிரு இருக்குடா, இன்னும் ஒரு வாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம், நான் டாக்டரம்மா கால்ல விழறேன், எந்திரி என்று கத்தினாள். அவன் எழுந்து ஆண்டியப்பனைக் கூப்பிட ஓடினான்.

லோரியில் பாஞ்சாலை மடியில் பிள்ளை, பக்கத்தில் அம்சவல்லி, கையில் பாட்டில் தண்ணீரும் கரண்டியும். இருளப்பன் பின்னால் ஏறிக்கொண்டான். லோரி குலுக்கிய குலுக்கில் பாதித் தண்ணீர் பிள்ளையின் கழுத்தில் வழிந்தது. பாஞ்சாலை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ விடு அக்கா. நான் பாக்க மாட்டேன்."

இப்போது சொல்லிவிடலாம் என்று அம்சவல்லி வாயைத் திறந்தாள். இது அந்தத் தண்ணீர் இல்லை, இதுதான் மருந்து, நான்தான் சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கலாம். ஆனால் பாஞ்சாலை முந்திக்கொண்டாள். கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அம்சவல்லி கேட்டதில்லை.

"நான் ஒரு சொட்டு விடலை அக்கா. மிஸ்ஸி வந்து வந்து டம்ளரைக் காட்டுனா. நான் தொட்டியில ஊத்திட்டு, குடிச்சிருச்சின்னு தலையாட்டுனேன். பாப்பா தண்ணி தண்ணின்னு நாக்கை நீட்டிச்சி. நான் குடுக்கலை. யாரு சொன்னாலும் என் கையால என் பிள்ளைய அனுப்ப மாட்டேன்னு இருந்துட்டேன். இங்க எல்லாரும் விட்டாங்க. நான் விடலை."

அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. பிள்ளை பிழைக்கட்டும், பிழைத்ததும் சொல்லிக்கொள்ளலாம், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்சவல்லி வாயை மூடிக்கொண்டு கரண்டியைச் சாய்த்தாள்.

கியா பார்ம் சந்தை ஏற்றத்தில் லோரி நின்றுவிட்டது. பள்ளி விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேறு. கோலாலம்பூர் காரெல்லாம் ரோட்டில்தான் நின்றது. குடும்பம் குடும்பமாக இறங்கி முட்டைக்கோஸ் பேரம் பேசிக்கொண்டும், ஸ்ட்ராபெரி கூடையோடு போட்டோ எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். ஆண்டியப்பன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. இருளப்பன் பின்னாலிருந்து குதித்து, காருக்குக் கார் ஓடி, கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கும்பிட்டான். ஒரு காருக்குச் சொந்தக்காரர் பூ வாங்கப் போயிருந்தார், அவரைத் தேடிப் பிடித்து வரவே கால் மணி நேரம்.

அம்சவல்லி விடாமல் கரண்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரமாகப் பிள்ளை நாக்கை நீட்டவில்லை. விட்ட தண்ணீர் வாயிலேயே நின்றது. பிறகு வாய் நிரம்பி ஓரமாக வழிந்தது. அவள் சேலையால் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி விட்டாள். அதுவும் வழிந்தது. பாஞ்சாலை ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். கார்கள் நகர ஆரம்பித்தபோது, போய்ருச்சா அக்கா என்று திரும்பாமலே கேட்டாள். அம்சவல்லி பிள்ளையின் வாயோரத்தை மறுபடி துடைத்தாள். தோட்டத்துக்குத் திரும்பவா என்று ஆண்டியப்பன் கேட்டபோது, வேண்டாம், போ என்றாள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மாதான் இருந்தாள். தேடினோம், எங்கே போய்விட்டீர்கள், போலீஸுக்குக்கூடச் சொல்லியாயிற்று என்று கோபமாக ஆரம்பித்தவள், துண்டை விலக்கிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். வேறு இடத்தில் வைத்துக் கேட்டாள். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, துண்டை மறுபடி ஒழுங்காகப் போர்த்தினாள். இருளப்பன் வெளியே படியில் உட்கார்ந்திருந்தான், உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டான். கட்டிலுக்கு இந்தப் பக்கம் பாஞ்சாலையும் அம்சவல்லியும் நின்றார்கள். சுற்றிலும் மற்ற பிள்ளைகளின் தாய்மார்கள் கையில் டம்ளரும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். உமர் பாயின் பேரன் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா தாளை எடுத்துக்கொண்டாள். பாஞ்சாலையைப் பார்த்தபடி, அம்சவல்லியிடம் மலாயில் கேட்டாள். நான் சொன்ன தண்ணீரைக் கொடுத்தாளா? நேற்று முழுக்க, நிறுத்தாமல், நான் சொன்ன மாதிரி? அவளிடம் கேட்டுச் சொல்லு, எனக்குத் தெரிய வேண்டும்.

அம்சவல்லி பாஞ்சாலையின் முகத்தைப் பார்த்தாள். பாஞ்சாலை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்ன கேட்கிறார்கள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியைத் தமிழில் போட்டால் நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தை போதும், மிச்சத்தைப் பாஞ்சாலையே புரிந்துகொள்வாள். தொட்டியில் ஊற்றினது என்ன என்று அவளுக்குத் தெரிந்துபோகும்.

கொடுத்தாள் டாக்டர் என்றாள் அம்சவல்லி மலாயில். நிறுத்தாமல் கொடுத்தாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். நிறுத்தாமல் கொடுத்துமா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு குனிந்து தாளில் எதையோ எழுத ஆரம்பித்தாள்.

"என்னக்கா கேட்டாங்க?"

"பிள்ளை பேரு கேட்டாங்க."

"பாப்பான்னு சொல்லிடாதக்கா. பேப்பர்ல அப்படியே எழுதிருவாங்க. ரஞ்சிதம்னு சொல்லு."

"அப்படித்தான் சொன்னேன்" என்றாள் அம்சவல்லி.